தங்கபுஷ்பத்துக்கு விழுந்த மாலை

ராயபுரம்
14-2-2006

அன்பு மகள் ஜூடிக்கு,

அம்மா பிலோமி ஆசையோடு எழுதுவது. அப்பாவின் மூட்டுவலியைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகமே, அந்த பெர்லின் பனியில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னபடியே உன் தம்பி ஆண்ட்ரூ தான் எடுத்த படங்களை ஆள் உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு வாங்கி, பசை காய்ச்சி, ஞாயிறு பூசைக்கு முன்னாலேயே மீன்பிடித் துறைமுகச் சுவரில் ஒட்டிவிட்டான். மூட்டை தூக்குகிறவர், வலை பின்னுகிறவர், மீன் விற்கிறவள், எல்லாம் நம்ம ஜனம். நடுவில் மட்டும் ஒரு இடம் காலி. பெர்லின் கண்காட்சியில் அந்தச் சுவரையே வைக்கப்போகிறேன், அப்பா முகம் இல்லாமல் என் வேலை முடியாதும்மா என்று நீ போனில் அழுததை அவரிடம் சொன்னேன். சாவறதுக்கு முன்னாடியே என்னை செவுத்துல ஏத்தப் பாக்குறாளா உன் பொண்ணு என்று எழுந்து போய்விட்டார். கப்பல் சரக்குக்கு கிரேன் ஓட்டிய மனுசன் ஒரு போட்டோவுக்கு இப்படியா பயப்படுவார்!

அவர் பயந்தது போலவே ஆயிற்று, கேள். நம்ம பக்கம் சுவரில் பெரிய முகம் வந்தால் ஒன்று கட்சிக்காரர், இல்லாவிட்டால் கண்ணீர் அஞ்சலி. நீயோ கறுப்பு வெள்ளையில், பெயர்கூடப் போடாமல் ஒட்டச் சொல்லிவிட்டாய். மீன்காரத் தங்கபுஷ்பத்தின் படத்தைப் பார்த்த யாரோ திருவொற்றியூரில் அவள் தங்கச்சிக்குச் சொல்லிவிட, அவள் மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கி, படத்துக்குப் போட்டு, என்ன வுட்டுப் பூட்டியே யக்கா என்று சுவரில் முட்டி அழுகிறாள். கூட வந்த பெண்கள் மாரடிக்கிறார்கள். சத்தம் கேட்டுத் தங்கபுஷ்பமே கூடையோடு வந்து நிற்கிறாள்! குத்துக்கல்லாட்டம் உசுரோட கீறேன், யாருக்குடி இந்த ஒப்பாரி என்று கத்தினாள் பார், அழுதவர்களே சிரித்துவிட்டார்கள். படத்தைக் கிழித்துவிடுவாளோ என்று நான் குறுக்கே ஓடினேன். அவளோ மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, தன் முகத்துக்குப் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றாள். ஒரே விசில். ஆண்ட்ரூ கேமராவை நிறுத்தவே இல்லை.

அதற்கப்புறம் கூட்டம் தாங்கவில்லை. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் எல்லாம் என் மூஞ்சி எங்க கீது என்று தேடுகிறார்கள். லூர்து பொண்ணு செஞ்சதாம் என்று அப்பா பேரைச் சொல்லி காசிமேடு முழுக்க அதே பேச்சு. நீ படிக்கும்போது மீன் வலையைத் திரையாகக் கட்டி அதன்மேல் படம் ஓட்டிய காலத்தில், இதெல்லாம் ஒரு படிப்பா, எவன் சோறு போடுவான் என்று கேட்ட அதே ஜனம்தான் ஜூடி! பெருமை தாங்காமல் அங்கேயே அழுதுவிட்டேன். அப்பாவைத்தான், இன்னா நைனா உன் மூஞ்சியக் காணோம் என்று ஆளாளுக்குத் துளைத்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் சவரம் செய்துகொண்டு, பெட்டியில் கிடந்த காக்கி யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு ஆண்ட்ரூவை எழுப்புகிறார். வயிற்றில் பொத்தான் பூட்டவில்லை, நான்தான் ஊக்கு குத்திவிட்டேன்.

ஆண்ட்ரூ அன்றைக்கு எடுத்த அப்பா படத்தையும், தங்கபுஷ்பம் கூத்தின் வீடியோ டேப்பையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. மாதா உன் இரண்டு கைகளையும் ஆசீர்வதிக்கட்டும். அங்கே கண்காட்சிச் சுவரில் காலியாய் விட்ட இடத்தில் அப்பாவை ஒட்டிவிடு கண்ணு, மறக்காதே. கீழே மட்டும், இவர் உயிரோடு இருக்கிறார் என்று அந்த ஊர் பாஷையில் பெரிதாக எழுதச் சொல்கிறார்.

உன் அம்மா,
பிலோமி