பதினோரு பாதி மாத்திரைகள்

அண்ணே,

இன்று காலை என் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். குப்பென்று அந்த வாடை. பிள்ளைப்பேற்றின்போது எட்டிப் பார்த்த சர்க்கரை எனக்குப் போகவே இல்லை. போன மாதம் முதல் எனக்கும் உங்கள் மாத்திரைதான். "இன்னா தங்கச்சி, மருந்துல கருவாட்டு வாசன அடிக்குது? தொட்டுக்க எதாவது குடுப்பியா?" என்று முதல் பாட்டிலை முகர்ந்துவிட்டு நீங்கள் கேட்டபோது, வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இன்று சமையலறையில் நான் மட்டும்தான் இருந்தேன். மாத்திரையை விழுங்கிவிட்டு, வேலைக்குக் கிளம்பாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. உங்களுக்கு எழுத இவளுக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவரின் வீட்டை வாடகைக்கு எடுத்து எங்கள் நீரிழிவு ஆய்வு நடந்தது. மாத்திரையை நாள் தவறாமல் முழு அளவில் சாப்பிட்டு, மாதாமாதம் இரத்தத்தையும் காலையும் சோதித்து வந்தால் நோயை எவ்வளவு தூரம் பிடித்து நிறுத்தலாம் என்று பார்க்கும் ஆய்வு. மாத்திரை இலவசம், பரிசோதனையும் இலவசம். நான் அங்கே ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது. இரத்தம் எடுப்பது, படிவம் நிரப்புவது, திரும்பி வரும் பாட்டிலில் மிச்சம் எத்தனை மாத்திரை என்று எண்ணுவது, இவ்வளவுதான் என் வேலை.

ஆய்வில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, எண்தான். உங்கள் எண் நாற்பத்தொன்று. நீங்கள் விடுவீர்களா? "மில்லுல முப்பது வருசம் டோக்கன் நம்பர்தான். மில்ல மூடனப்பறந்தான் என் பேரு எனக்கே ஞாபகம் வந்துச்சு. நீ திரும்பவும் நம்பர் குடுக்கறியே" என்றீர்கள். அதற்குப் பிறகு படிவத்தில் நாற்பத்தொன்று, வாயில் அண்ணே என்று ஆனது.

முதல் நாள் நீங்கள் தனியாக வரவில்லை. அண்ணியும் வந்தார். அவருக்கும் சர்க்கரை, உங்களைவிடக் கூடுதல். ஆனால் ஒரு வீட்டிலிருந்து ஒருவரைத்தான் சேர்க்கலாம் என்பது விதி. "நீங்க ஆஸ்பத்திரியில பாத்துக்குங்க அண்ணி" என்று நான்தான் அவரைத் திருப்பி அனுப்பினேன். கட்டட வேலைக்குப் போகிறவருக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க ஒரு நாள் முழுக்கப் போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு நீங்கள் மாதம் தவறவில்லை. சேதராப்பட்டில் கம்பெனி கேட்டில் உட்காரும் வேலை. லீவு சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு சைக்கிள் மிதித்து வந்துவிடுவீர்கள். "மாத்திரை மிச்சம் இருக்காண்ணே?" என்று கேட்பேன். பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுவீர்கள். "ஒண்ணு கூட இல்ல." எங்கள் பெரிய டாக்டர் உங்களைத்தான் மற்றவர்களுக்கு உதாரணமாகச் சொல்வார். ஆனால் இரத்தம் வேறு கதை சொன்னது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அசையவே இல்லை. மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று டாக்டர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். அளவைக் கூட்டினார். நீங்கள் பெரிய பாட்டிலை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனீர்கள். அந்தச் சந்தோஷம் எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உங்கள் கால்களும் ஞாபகம் இருக்கின்றன. மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பேன். கண்ணை மூடிக்கொண்டு "தெரியுது, தெரியுது" என்பீர்கள். கடைசித் தடவை இடது கால் பெருவிரலைத் தொட்டேன். மூன்று தடவை தொட்டேன். கண்ணை மூடியபடியே, "இன்னும் தொடவே இல்லியே நீ?" என்று கேட்டீர்கள். "இடது பெருவிரல், உணர்வு இல்லை" என்று எழுதிவைத்தேன். அழகான கையெழுத்தில்.

அதற்கு அடுத்த வாரம், ஆய்வில் இருப்பவர்களின் வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதும் வேலை வந்தது. உழவர்கரையில் உங்கள் வீட்டுக்கு நான் வந்த நேரம் நீங்கள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தீர்கள். அண்ணி வாசலில் உட்கார்ந்து, பாக்குவெட்டியால் மாத்திரையை நறுக்கிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு துண்டுக் காகிதம், அதில் வரிசையாகப் பாதி மாத்திரைகள். என்னைப் பார்த்ததும் மறைக்கக்கூட இல்லை. "வா தங்கச்சி. அவருக்குப் பாதி, எனக்குப் பாதி" என்று சொல்லிவிட்டு எழுந்து டீ போடப் போனார். நீங்கள் குடத்தோடு வந்தீர்கள். நான் கேட்டேன். நீங்கள் என்னைத்தான் விநோதமாகப் பார்த்தீர்கள்.

"சோத்துல பாதி, கஞ்சியில பாதி, மாத்திரய மட்டும் எப்படி நான் தனியா முழுங்கறது? அவ பாத்துக்கினு உக்காந்திருப்பாளா?"

நீங்கள் பொய்யே சொல்லவில்லை அண்ணே. மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றீர்கள். யார் சாப்பிட்டது என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

டீயைக் குடித்தேன். நேரே ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். தவறான தகவல் ஆய்வைக் கெடுக்கும், அது உண்மைதான். டாக்டர் அண்ணிக்கும் ஏதாவது வழி செய்வார் என்று நம்பினேன், அதுவும் உண்மை. ஆனால் முழு உண்மை அது இல்லை. அவரால் முடியாததை நான் கண்டுபிடித்தேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத கழுதைக்கு, ஒரு சபாஷ் வேண்டியிருந்தது.

சபாஷ் கிடைத்தது. "வெரி குட்மா. நாற்பத்தொண்ண எடுத்துடு."

"அந்தம்மாவுக்கு சார்?"

"அவங்க நம்ம ஆய்வுலயே இல்லியேம்மா."

"கால்ல உணர்வு போயிடுச்சு சார். அத மட்டுமாவது மாசாமாசம் பாக்கலாமே?"

"எடுத்துட்டா எடுத்ததுதான். ரூல் எல்லாருக்கும் ஒண்ணு."

பட்டியலை எடுத்து நாற்பத்தொன்றை அடித்தேன்.

அந்த மாதமும் நீங்கள் வெறும் வயிற்றோடு வந்தீர்கள். கேட்டிலேயே நிறுத்திச் சொன்னேன். நீங்கள் சத்தம் போடுவீர்கள் என்று தயாராக இருந்தேன். "சரி தங்கச்சி. அப்போ பாட்டில குடுத்துடணுமா?" என்று மட்டும் கேட்டீர்கள். பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்துத் தந்தீர்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தையும் எடுத்தீர்கள். "இது அவ பங்கு. மிச்சம் இருக்குது. கணக்குல தப்பு வந்துறப் போவுது." எதிரே இருந்த கடையில் டீ குடித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

எட்டு மாதம் கழித்து அண்ணி வந்தார். உங்கள் ஆய்வு அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தாராம், வீட்டில் வைத்திருந்தால் தப்பாகிவிடுமோ என்று. செருப்பின் அடியிலிருந்து ஆணி ஏறியிருக்கிறது, இடது பெருவிரலில். அதோடு எத்தனை நாள் சேதராப்பட்டுக்கு சைக்கிள் மிதித்தீர்களோ! நாற்றம் வந்த பிறகுதான் பார்த்திருக்கிறீர்கள். முதலில் விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். அதற்குப் பிறகு நீங்கள் பதினாறு நாள்தான் இருந்தீர்களாம்.

"உன்மேல கோவமே இல்லன்னாரு தங்கச்சி. சின்னப் பொண்ணு, சொன்னத செய்யுது, அது இன்னா பண்ணும்னாரு."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். மன்னிப்பைச் சொல்லி அனுப்பிவிட்டுப் போனீர்களே, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அண்ணிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அட்டையை வாங்கிக் கோப்பில் சேர்த்தேன். ஆய்வின் முடிவுகள் நன்றாக வந்தன. அறிக்கையின் பின்பக்கத்தில், மருந்து விதியை மீறியதால் நீக்கப்பட்டவர்கள் என்ற வரியில் நீங்கள் இருக்கிறீர்கள். பெயர் இல்லாமல்தான்.

இப்போது வேறு இடத்தில், வேறு ஆய்வு. தைராய்டு. படிவம் நிரப்பி முடித்ததும், அதில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்கிறேன். "இந்த வியாதி வீட்ல வேற யாருக்கு இருக்கு? அவங்களுக்கு மாத்திரை இருக்கா?" பதிலை ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன். மேலே இருப்பவர்கள் ரப்பரால் அழித்துவிடுகிறார்கள். நான் மறுபடியும் எழுதுகிறேன். இதைச் சொல்லி உங்களிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கவில்லை.

அந்தப் பொட்டலம் என்னிடம்தான் இருக்கிறது. திரும்பி வந்த மாத்திரைகளை எழுதும் கட்டத்தில் பாதியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அன்று பூஜ்யம் போட்டேன். பொட்டலத்தை மேஜை இழுப்பறையில் வைத்தேன். வேலை மாறியபோது வீட்டுக்கு எடுத்து வந்தேன். இன்று காலைதான் முதல் தடவையாகப் பிரித்துப் பார்த்தேன். பதினோரு பாதிகள். பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து, ஆனால் அதே வாடை. கணக்கில் பூஜ்யம் என்று எழுதியான பிறகு அவற்றை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்கே கொண்டுபோய் அண்ணியிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கிற சாக்கில் உங்கள் காலையும் ஒரு தடவை பார்த்திருக்கலாம். உழவர்கரை என்ன தூரமா அண்ணே, சைக்கிளில் அரை மணி நேரம்.