மெசின் நிக்கல்ல

நவ. 4, திங்கள்

விடியத்தொட்டு மழை. முன் அறையில ஒழுக்கு, வாளி வெச்சாச்சு.

என்ட புருசன் மௌத்தாகி, நான் இத்தா எண்டு நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இருக்கத் துவங்கின பிறகு இண்டைக்குத்தான் பின் அறையில தையல் மெசினுக்கு மேல கிடந்த சீலையை எடுத்தன். உம்மா பாத்துக்கொண்டிருந்தா. நபீலா டீச்சர்ட மகள்மாருக்குப் பள்ளிக்கூட உடுப்பு. அவர் இருக்கக்குள்ளயே ஒத்துக்கொண்ட வேலை. மகள் கேம்பஸ்ல படிச்சி முடிக்கணும். வேற வழி யாரும் காட்டவுமில்ல, நான் கேக்கவுமில்ல.

பகல் லுஹர் தொழுதிட்டு இருந்து தைச்சன். கொஞ்ச நேரத்தில மதினி வந்துட்டா. அவர்ட ராத்தா, பின் ஒழுங்கையில வீடு. சத்தம் அவட குசினி அடுப்படி வரைக்கும் கேக்குதாம்.

"மௌத்து வீட்டில இருந்து என்ன சத்தம் புள்ள இது? ஊர் என்ன சொல்லும்?"

நான் சும்மா துவங்கல்ல. மதரசாவில படிச்சிக் குடுக்கிற ஆலிமாக்குப் போன் கோல் எடுத்துக் கேட்டுட்டுத்தான் துவங்கினன். வெளிய இறங்காம, வீட்டுக்குள்ள இருந்து தைக்கிறதுக்குத் தடை இல்ல எண்டா. அதை மதினிக்குச் சொன்னன். "மார்க்கம் வேற, ஊர் வேற" எண்டா.

அவட கண்ணும் வீங்கித்தான் கிடக்கு. அவக்கும் தம்பிதானே.

ஆனா தையலை விடமாட்டன். சத்தத்தை மட்டும் நிப்பாட்டுவம்.

நவ. 5, செவ்வாய்

மழை விட்டு விட்டு. காலையில முழுக்க மேசைக்குக் கீழதான்.

மேசைட ஒரு கால் கட்டை. சீமெந்து நிலமும் பள்ளம். பழைய றப்பர் செருப்பை வெட்டி நாலு காலுக்கும் குடுத்தன், கட்டைக் காலுக்கு ரெண்டு துண்டு. ஆட்டம் நிண்டது. மெசினை மேசையோட பிடிக்கிற திருகாணி ரெண்டும் லூஸ், இறுக்கினன். எண்ணெய் விட்டன். அப்பயும் ஒரு கிலுகிலுப்பு. மோட்டர் எண்டு நினைச்சன், அது இல்ல. மேசை லாச்சிக்குள்ள கிடக்கிற, நூல் சுத்துற பொபினெல்லாம்.

அவர் உடுத்த பழைய சாறம் ஒண்டைக் கிழிச்சி லாச்சிக்குள்ள விரிச்சன். கிழிக்கக்குள்ள கை கொஞ்சம் நிண்டது. பிறகு கிழிச்சன்.

இன்னும் ஒரு முழக்கம். கையை வெச்சிப் பாத்தா சுவர். மேசை சுவரோட முட்டிக்கொண்டு நிக்கிறதால சுவர்தான் சத்தத்தை வாங்கி வெளிய அனுப்புது. ஒரு சாண் இழுத்து வெச்சன். உம்மாவைக் குசினிக்குள்ள போய் நிண்டு கேக்கச் சொல்லிட்டு மிதிச்சன். கொஞ்சம் பொறுத்து உம்மா அங்க இருந்து: "தைக்கிறயா, சும்மா இருக்கிறயா?"

சிரிச்சிட்டன். அவர் போன பிறகு முதல் சிரிப்பு. உம்மா பயந்து கதவைப் பாத்தா. சிரிச்சதுக்கு ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தேவல்ல எண்டு சொன்னன்.

நவ. 8, வெள்ளி

டீச்சர்ட பெரியவள்ற உடுப்பும் நடுவிலவள்ற உடுப்பும் முடிஞ்சி. தையல் நூல் பிடிச்ச மாதிரி நேர். மேசை ஆடாட்டி கைக்கு எவ்வளவு சுகம்.

மகள் கோல் எடுத்தாள். கேம்பஸ் இருக்கிற வந்தாறுமூலையில ரோட்டில தண்ணி நிக்குதாம், இந்தக் கிழமை வரல்ல. நல்லாச் சாப்பிடுறயா எண்டு கேட்டன். நீங்க சாப்பிடுறீங்களா எண்டு திருப்பிக் கேட்டாள்.

புது வருசப் பள்ளிக்கூட உடுப்புக்கு இந்த மாசம் எண்டா வாசல் கடப்படியில துணிப் பையோட பொம்பிளைகள் நிப்பாங்க. இந்த முறை ஒருத்தரும் இல்ல. மௌத்து வீடு எண்டு கூசுறாங்களா? விளங்கல்ல.

சோத்துக்கு ஆக்கின மீன்ஆணத்துக்கு உப்பு கூடிட்டு.

நவ. 11, திங்கள்

விளங்கிட்டு.

நபீலா டீச்சர் வந்தா, குடுத்த துணியைத் திருப்பி எடுத்துப் போக. நான் தையலை விட்டுட்டனாம். மெசின் மதினிட மகளுக்குப் போகுதாம், இனித் துணியெல்லாம் அங்க குடுக்கட்டாம். மதினிதான் ஒவ்வொரு வீடாச் சொல்லித் திரியிறா.

"நானும் உங்கட வீட்டுப் பக்கத்தால போய் வந்து பாத்தன்" எண்டா டீச்சர். "சத்தம் கேக்கல்ல. அதான் நம்பிட்டன்."

தைச்சி முடிச்ச ரெண்டையும் எடுத்து அவட மடியில வெச்சன். கைமடிப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அவக்கு என்னைப் பாக்க முகமில்ல. சின்னவள்ற துணியைத் திரும்ப மேசையில வெச்சிட்டுப் போனா.

சத்தம் போடாதே எண்டதுக்கு அடங்கி நான் பட்ட பாடு! மதினி அதையே எடுத்து எனக்கு அடிச்சிட்டா.

உம்மாட்ட ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி மேசையை முன் அறைக்கு இழுத்தன். ரோட்டுப் பக்கச் சுவரோட நல்லா முட்ட வெச்சன். லாச்சித் துணியை எடுத்து மடிச்சி அலுமாரிக்குள்ள. காலுக்கு வெச்ச றப்பரை எடுக்கல்ல, ஆடினா தையல் கோணும். ஜன்னல் திரையை இழுத்து மூடினன். என்னைப் பாக்கத் தேவல்ல, கேட்டாப் போதும்.

மிதிச்சன். சுவர் முழங்கிச்சி. பின்னேரம் அசர் வரைக்கும் விடல்ல.

நவ. 12, செவ்வாய்

வெயில். ஒழுக்கு நிண்டிட்டு.

மதினி ஓட்டோவோட வந்தா, மெசின் ஏத்த. வாசல்ல நிண்டா. நான் எழும்பல்ல, சின்னவள்ற கழுத்துப் பட்டி ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கிடக்கிற சாமான் எண்டு சொல்லத்தான் வந்திருப்பா. ஓடுற மெசினுக்கு முன்னால அதைச் சொல்லேலாமப் போச்சு. "என்ட தம்பி வாங்கின மெசின்" எண்டா. "மெசின் என்ட வாப்பா கலியாணத்துக்குத் தந்தது, உங்கட தம்பி பூட்டினது மோட்டர் மட்டும்" எண்டு சொன்னன். அவக்கும் தெரியும்.

"கொஞ்சங்கூடக் கவலை இல்லயா புள்ள உனக்கு?"

அப்பதான் மிதியில இருந்து காலை எடுத்தன்.

"மதினி, மௌத்தானது அவர். நான் இல்ல."

அழுதா. எனக்கும் வந்தது, ஆனா தலையைக் குனியல்ல. உம்மா தேத்தண்ணி கொண்டு வந்தா. மதினி தொடல்ல. முந்தானையால முகத்தைத் துடைச்சிக்கொண்டு போய் ஓட்டோவில ஏறினா. நான் திரும்ப மிதிச்சன், அவக்குக் கேக்கட்டும் எண்டுதான்.

ஓட்டோ ஸ்டார்ட் ஆகல்ல. ஓட்டோக்காரர் இறங்கிக் கடப்படியில வந்து நிண்டு உம்மாட்ட கேக்கிறார்: "இங்க அபாயா தைப்பாங்களா? என்ட பொஞ்சாதி நல்ல ஆள் ஒண்டு தேடித் திரியிறா."

உள்ளுக்கிருந்து நான்தான் சத்தமாச் சொன்னன், துணியைக் கொண்டு வரட்டும் எண்டு.