ஐந்தாவது தட்டுக்குப் பிறகு

ரவாங்
28 ஜூலை 2025

அன்புள்ள அமராவதிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கேயும் அப்படித்தான் என்று பிரேமலா சொன்னாள். போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் சண்டை வந்துவிடுகிறது, எதுவானாலும் எழுதிக் கேட்கச் சொல் என்று அவளிடம் சொல்லி அனுப்பினாயாம். சரி, எழுதுகிறேன். வேலையில் இருந்தபோது ரிப்போர்ட் எழுதியதோடு சரி. கடிதம் எழுதும் பழக்கமே விட்டுப்போயிற்று.

விஷயம் இதுதான். நம் மகள் பிரேமலாவைக் கட்டப்போகும் ஷர்வினின் அப்பா அழகேசனும் அம்மா நவமணியும் நம் இருவரையும் சாப்பிட அழைத்திருக்கிறார்கள். ஆகஸ்டு 23, சனிக்கிழமை மாலை, கோலாலம்பூரில். பிரேமலாவும் வருவாள். சாதாரணக் கடை இல்லை. ஒன்பது தட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வருமாம். ஒவ்வொரு தட்டுக்கும் பரிமாறுகிறவர் நின்று விளக்கம் சொல்வாராம். முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அழகேசன் பெட்டாலிங் ஜெயாவில் பெரிய வக்கீல். அந்த மேசையில்தான் கல்யாணத் தேதி முடிவாகும்.

நாம் இரண்டு வருடமாகத் தனித்தனியாக இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஒரு மாலை நேரம்தானே, சேர்ந்து போய்ச் சேர்ந்து வருவோம். மத்தியானம் புக்கிட் ரோத்தானுக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொள்கிறேன். அந்த மெரூன் பட்டைக் கட்டு. பூ அதிகம் வேண்டாம். சொந்த ஊர் எது என்று கேட்டால் கோலா சிலாங்கூர் டவுன் என்று சொல்லிவிடு, நீ பிறந்த ரப்பர் தோட்டத்தை இழுக்காதே. பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சாப்பிட்டால் போதும்.

உன் தங்கச்சி குமுதாவையும் அவள் வீட்டுக்காரரையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
திவாகரன்


புக்கிட் ரோத்தான்
3 ஆகஸ்டு 2025

அன்புள்ள பிரேமலா அப்பாவுக்கு,

கிளினிக்கில் வேலை முடிந்து வந்தபோது குமுதாதான் உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். "மாமா கையெழுத்து மாறவே இல்லக்கா" என்றாள். படித்துப் பார்த்தேன். கையெழுத்து மட்டுமில்லை, எதுவுமே மாறவில்லை.

என்ன கட்ட வேண்டும், எவ்வளவு பூ வைக்க வேண்டும், எந்த ஊர் என்று சொல்ல வேண்டும், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வருகிறாயா என்று மட்டும் கேட்கவில்லை.

நான் ஏன் வீட்டைவிட்டு வந்தேன் என்று தெரியாதவர் போல இன்னமும் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களாம். அந்தக் கடைசித் தீபாவளிக்கு உங்கள் மேனேஜரும் அவர் மனைவியும் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அந்த அம்மா வீட்டு வரி ஏறியதைப் பற்றி என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் குறுக்கே வந்து, "அவகிட்ட கேக்காதீங்க லா, தோட்டத்துல வளந்தவ, அவளுக்கு என்ன தெரியும்?" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கிளாஸ்களை எடுத்துப்போய்க் கழுவினேன். அந்த ஒரு நாள்தான் என்றால் மறந்திருப்பேன். கல்யாணம் ஆனதிலிருந்து யார் வந்தாலும் அதே பேச்சு. நீங்கள் மட்டும் எங்கே வளர்ந்தீர்கள்? சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டைவிடச் சின்ன லயத்து வீட்டில்.

மகளுக்காக வருகிறேன். ஆனால் என்னிடம் கேட்பதற்கு நான்தான் பதில் சொல்வேன், நீங்கள் சொல்லக்கூடாது. தோட்டத்துல வளந்தவ என்கிற அந்த வார்த்தையும் அந்த மேசையில் வரக்கூடாது. வந்தால் எத்தனையாவது தட்டு என்று பார்க்க மாட்டேன், எழுந்துவிடுவேன்.

மெரூன் பட்டு இழை விட்டுப்போய் வருடம் ஆகிறது. பச்சை கட்டுகிறேன்.

இப்படிக்கு,
அமராவதி


ரவாங்
9 ஆகஸ்டு 2025

அன்புள்ள அமராவதிக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு ஆறிவிட்டது. நீ கேட்டபடியே நடந்துகொள்கிறேன். உன்னிடம் கேட்பதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையும் வராது. இது சத்தியம்.

இன்னொரு விஷயம். அந்தக் கடையிலிருந்து போன் செய்து, விருந்துக்கு வருகிறவர்களுக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். மாட்டிறைச்சி இரண்டு பேருக்கும் வேண்டாம் என்றேன். "மேடத்துக்கு வேற ஏதாச்சும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை அமராவதி. விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உனக்கு எது ஆகாது? எழுது.

சொன்னால் சிரிக்காதே. கத்தியும் முள்கரண்டியும் பிடிப்பதை வீடியோ பார்த்துப் பழகுகிறேன். வெளியே இருப்பதை முதலில் எடுக்க வேண்டுமாம், பிறகு உள்ளே இருப்பதை. நேற்று தோசையை முள்கரண்டியால் தின்று பார்த்தேன். பாதி கீழே போயிற்று. தொழிற்சாலையில் நூறு பேரை மேய்த்தவன், இந்த வயதில் ஒரு சாப்பாட்டுக்கு இப்படி ஒத்திகை பார்க்கிறேன். அழகேசன் பேசினால் எதிரே இருப்பவர் கூண்டில் நிற்கிற மாதிரி இருக்குமாம், பிரேமலா சொல்கிறாள். நீ பக்கத்தில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

பச்சை நன்றாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
திவாகரன்


புக்கிட் ரோத்தான்
14 ஆகஸ்டு 2025

அன்புள்ள பிரேமலா அப்பாவுக்கு,

எறால் ஆகாது. வாயில் பட்டாலே உதடு தடித்துவிடும். பிரேமலாவிடமும் சொல்லிவிட்டேன், கடைக்குச் சொல்லிவிடுவாள். இத்தனை வருடம் உங்களுக்கு எறால் சம்பல் வைத்தேனே, என் தட்டில் ஒரு நாளாவது பார்த்தீர்களா? கோபமாக எழுதவில்லை. எழுதும்போது சிரிப்புதான் வந்தது. எனக்குத் தெரியவில்லை என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். "என்னாக்கா, கடுதாசியப் பாத்துச் சிரிக்கிற?" என்று குமுதா கேட்டாள்.

முள்கரண்டியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் நவமணியம்மா என்ன செய்கிறார் என்று பார்த்துச் செய்வோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொய் வராது. குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிப் பார்ப்பேன். நீங்களும் புதிதாக எதையும் சேர்க்காமல் இருந்தால் எப்படியோ கரை ஏறிவிடலாம். பிள்ளை வாழ்க்கை, பயமாகத்தான் இருக்கிறது.

வரும்போது வண்டியை மெதுவாக ஓட்டி வாருங்கள்.

உங்கள்
அமராவதி


ரவாங்
26 ஆகஸ்டு 2025

அமராவதிக்கு,

அந்த மேசையில் என்ன செய்தாய் என்று உனக்குத் தெரிகிறதா?

நாலு தட்டு நல்லபடியாகப் போயிற்று. நீ தோட்டத்தில் பிறந்ததை இரண்டாவது தட்டிலேயே சொல்லிவிட்டாய். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது தட்டு வந்தபோது அழகேசன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்! "பிரிஞ்ச குடும்பத்துல சம்பந்தம் வேணாம்னு பையன்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். உங்க ரெண்டு பேரையும் பாத்ததும் மனசு நெறஞ்சிருச்சு" என்றார். அதற்கு நான் என்ன சொல்வது? "இருபத்தெட்டு வருஷத்துல ஒரு ராத்திரி கூட நாங்க பிரிஞ்சு இருந்ததில்லைங்க" என்றேன். யாரும் ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். நீ கரண்டியைக் கீழே வைத்தாய். "இல்லைங்க. ரெண்டு வருஷமா நான் புக்கிட் ரோத்தான்ல தங்கச்சி வீட்டுல இருக்கேன்" என்றாய்.

அதோடு எழுந்து போகவாவது முடிந்ததா? இன்னும் நாலு தட்டு பாக்கி. பரிமாறும் பெண் ஆறாவது தட்டோடு வந்து நின்று, இது என்ன மீன், எந்த இலையில் சுற்றிப் புகை போட்டது என்று விளக்குகிறாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரேமலா தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் நகர்ந்ததும் அழகேசன், "எஸ்டேட் ஆளுங்களுக்கு எந்த எடத்துல எதப் பேசணும்னு தெரியறதில்ல" என்றார். அதையும் பொறுத்துக்கொண்டேன். காரியம் கெடக்கூடாது என்றுதான். எல்லாம் மகளுக்காக.

உன்னிடம் கேட்டதற்கு நான் பதில் சொன்னேனா? அந்த வார்த்தையைச் சொன்னேனா? நான் வாக்கைக் காப்பாற்றினேன். நீ விருந்து முடிந்து கீழே வந்ததும் மகள் காரில் ஏறிப் போய்விட்டாய்.

இந்தக் கல்யாணம் நின்றால் அந்தப் பழி உன்னுடையது.

திவாகரன்


புக்கிட் ரோத்தான்
7 செப்டம்பர் 2025

பிரேமலா அப்பாவுக்கு,

உடனே எழுதினால் கோபத்தில் எழுதுவேன் என்று தள்ளிப்போட்டேன்.

கல்யாணம் நிற்கவில்லை. நேற்று பிரேமலாவும் ஷர்வினும் இங்கே வந்தார்கள். நம் விஷயம் ஷர்வினுக்கு ஆரம்பத்திலேயே தெரியுமாம். அவன் அப்பா அம்மாவிடம்தான் மறைத்திருக்கிறார்கள். அழகேசன் ஒரு வாரம் மகனோடு பேசவில்லை. கடைசியில் நவமணியம்மாதான், "நாம பொண்ணப் பாத்துத்தானே சம்மதிச்சோம்" என்று முடித்து வைத்தாராம். தேதி தை மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. அழகேசனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அது மெதுவாகத்தான் ஆறும்.

மகளுக்கும் என்மேல் கோபம். குமுதா வைத்த காப்பியைத் தொடவே இல்லை. "அத நான் சொல்லியிருக்கணும்மா. என்னக் கேக்காம நீங்க ஏன் சொன்னீங்க?" என்று அழுதாள். அவள் கேட்டது நியாயம். மன்னித்துக்கொள் என்றேன். ஆனால் நீங்கள் அந்தப் பொய்யைச் சொன்னபோது நான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். அந்தப் பொய் நின்றால், இனி தீபாவளிக்குத் தீபாவளி அவள் என்னை ரவாங்கில் கொண்டுவந்து நிறுத்தி, சம்பந்தி போனதும் திருப்பி அனுப்ப வேண்டும். பிள்ளை பிறந்தால் அதற்கும் பொய் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தப் பாரம் அவள் முகத்தில் ஏறியதைப் பார்த்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் அப்பாவைத் தோட்டத்துக் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதியவர் என்று மூன்றாவது தட்டில் சொன்னீர்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டியே கை காய்த்துப்போன மனிதர் அவர். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. அது உங்கள் வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டேன்.

வாக்கைக் காப்பாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவில்லை. அழகேசன் வாயிலிருந்து வந்தது. அப்போது நான் அவரைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தேன். சண்டை போட வேண்டாம். "நானும் எஸ்டேட் ஆளுதாங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். பொறுத்துக்கொண்டவர் தலையாட்ட மாட்டார். பிறகு சரியான முள்கரண்டியை எடுத்து, அந்த மீனைச் சிந்தாமல் சாப்பிட்டீர்கள். அதற்கப்புறம் என்னென்ன வந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. எல்லாம் ஒரே ருசியாக இருந்தது.

கல்யாணத்துக்கு வருவேன். தாரை வார்க்கும்போது உங்கள் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவேன். அழைப்பிதழில் நம் இரண்டு பேர் பெயரும் போடலாம், அதில் பொய் ஒன்றும் இல்லை. என் பங்குக்கு என்ன வேலை இருந்தாலும் பிரேமலாவிடம் சொல்லி அனுப்புங்கள், செய்கிறேன். ரவாங்குக்குத் திரும்பி வருவேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம்.

அன்றைக்கு என்னைக் கூட்டிக்கொள்ள வந்தபோது உங்கள் காரின் பின்பெட்டியில் என் நீலப் பையை நீங்கள்தான் தூக்கி வைத்தீர்கள். "என்னா இவ்வளவு கனமா இருக்கு?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் மூடிவிட்டீர்கள். இன்னும் திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு மாலை விருந்துக்கு யாரும் அத்தனை சேலையும் சாமி படமும் கட்டி எடுத்துக்கொண்டு வர மாட்டார்கள். விருந்து முடிந்து கார் புக்கிட் ரோத்தான் பக்கம் திரும்பும்போது, ரவாங்குக்கே போங்க என்று சொல்ல நினைத்துத்தான் வந்தேன். குமுதாவுக்கு மட்டும் தெரியும்.

அடுத்த வாரம் பிரேமலா இந்தப் பக்கம் வருகிறாள். பையை அவளிடம் கொடுத்தனுப்புங்கள். நல்ல சேலையெல்லாம் அதில்தான் இருக்கிறது, வேலைக்குக் கட்டிக்கொண்டு போக இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது.

அமராவதி