செத்துப்போன அக்கா எழுதுவது

போடிநாயக்கனூர்,
6.6.2004

என் தங்கை ஷீபாவுக்கு,

உன் அக்கா சொர்ணலதா உயிரோடு இருந்து எழுதுவது. நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இத்தனை நாள் தவித்தேன். நம் சபை மந்தைக்குக் கீரை கொண்டுவரும் ஜக்கம்மா தன் மகளை இங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறாளாம். கடைவீதியில் என்னைப் பார்த்ததும் பேயைக் கண்டவள் போல நின்றுவிட்டாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் அடக்க ஆராதனையை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவள்.

மந்தையை விட்டுப் போனவர்களுக்கு அதுதான் முறை என்று எனக்குத் தெரியாதா? காலிப் பெட்டியை மூடி, இந்தப் பெயரை இனி யாரும் சொல்லக் கூடாது என்று மேய்ப்பர் ஏசுதாசன் அண்ணன் சொல்வார். எத்தனை பேருடைய காலிப் பெட்டிக்கு நானே வெள்ளைச் சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன்! என் பெட்டிக்கு முதல் பிடி மண் போட்டது நீ என்று ஜக்கம்மா சொன்னாள். போட்டால் என்ன. கூடப் பிறந்தவள்தானே போட வேண்டும்? ஆனால் போட்டுவிட்டு நீ மயங்கி விழுந்தாய் என்றும் சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் இதை எழுதி அவள் கையில் கொடுத்தனுப்பத் துணிந்தேன்.

நான் இங்கே ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். முறத்தில் காயைப் பரப்பி, பச்சைக் காய் வேறு, வெடித்த காய் வேறு, பொடிக் காய் வேறு என்று பிரிக்க வேண்டும். சேர்ந்த புதிதில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து மேஸ்திரி பாண்டியம்மாள் அக்கா முன்னால் கைகட்டி நிற்பேன். மந்தையில் நாம் எல்லாவற்றுக்கும் அப்படித்தானே நின்றோம். அந்தக்கா ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "ஏ ஆத்தா, தாகம் ஒனக்கா எனக்கா?" என்று கத்திவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

சேலைக் கடையில் நடந்ததைக் கேள். கடைக்காரர் கலர் கலராக எடுத்து விரித்துப் போடுகிறார். எனக்கு ஒன்றையும் தொடத் தெரியவில்லை. எனக்கு எது சரி என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். மனிதர் விடுவாரா? யாருக்கும் பிடிக்காமல் கிடந்த ஒரு கிளிப்பச்சைச் சேலையை என் தலையில் கட்டிவிட்டார். அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பூ வேறு. அடுத்த முறை நானே பார்த்து எடுத்தேன். அதுவும் நன்றாக இல்லைதான். ஆனாலும் நானே எடுத்தது என்று ஆசையாக உடுத்துகிறேன்.

எல்லாம் சிரிப்பாக இருக்கிறது என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை வந்தால் உயிர் போகிறது. எல்லாரும் சேர்ந்து பாடும் அந்தச் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கும். என்னோடு இரண்டாம் குரலில் பாட நீ இல்லை. பஜார் பக்கத்துக் கோயிலில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். யாரும் ஏன் வந்தாய் என்றும் கேட்பதில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்பதில்லை. அதற்கே எனக்கு ரொம்ப நாள் பழக வேண்டியிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ பிள்ளை உண்டாகியிருக்கிறாய் என்றும் ஜக்கம்மாதான் சொன்னாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அம்மா இல்லாத நமக்கு நான் இருக்கிற வீடுதான் தாய்வீடு. ஒற்றை அறைதான், ஆனால் காற்று வரும். பிரசவத்துக்கு இங்கே வந்துவிடு. தேனியில் ஒரு நல்ல டாக்டரம்மா இருக்கிறார்கள். அம்மா மந்தையில் சேருவதற்கு முன்னால் நம் இரண்டு பேரையும் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதே பாவம் என்கிற மந்தையில் இதை அம்மா பிறகு யாரிடமும் சொல்லவில்லை. நீ கைக்குழந்தை, உனக்குத் தெரியாது. அம்மாவின் வயிற்றுத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன்.

படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் மாப்பிள்ளை சுந்தர்ராஜ் கண்ணில் பட வேண்டாம்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். இதைச் சொல்ல எனக்கு இன்னும் உரிமை உண்டு.

உன் அக்கா,
சொர்ணலதா


போடி,
1.8.2004

ஷீபாக் கண்ணுக்கு,

ஜக்கம்மா வந்து நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். "எங்க அக்கா செத்துப் போயிட்டாக. செத்தவக எழுத மாட்டாக" என்றாயாம். எனக்கு வந்த கோபத்துக்கு முறத்தோடு காயைக் கொட்டிவிட்டேன். அப்புறம் அவள் கிளம்பும்போது வேலி வரைக்கும் வந்து, "அவ நேரத்துக்குச் சாப்பிடுறாளா?" என்று கேட்டாயாமே. அடி கிறுக்கி. சாப்பிடுகிறேன். உடம்புகூடப் பூசினாற்போல் ஆகிவிட்டது.

போன கடிதத்தில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். என் பிரசவத்தின்போது உன்னை உள்ளே விடவில்லை. கல்யாணமாகாத பெண் என்று பாட்டுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குப் பிள்ளை இறங்கவே இல்லை. சுற்றி நின்று ஜெபித்தார்கள். உன் அத்தான் கதவுக்கு வெளியே முழங்காலில் நின்றார். ஆண்டிபட்டி ரோட்டில் பஸ் போகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதில் ஒன்றில் என்னை ஏற்றிவிட்டால் போதும் என்று நினைத்தேன். வாய் திறந்து கேட்கவில்லை. கேட்பதே அவிசுவாசம் என்று படித்துக்கொடுத்திருந்தார்களே.

ஏசுதாசன் அண்ணனைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். என் மகனைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கியபோது அவரும் தேம்பித் தேம்பி அழுதார். அழுது முடித்துவிட்டு, தாயின் விசுவாசக் குறைவுதான் என்றார். நானும் நம்பினேன் ஷீபா. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலிக்கிறபோதும், என் தப்புத்தான் என்று பாடிக்கொண்டே கூடத்தைப் பெருக்கினேன். உன் அத்தான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அப்போதும் நான் கிளம்பவில்லை. மறுவருஷம் இன்னொருத்திக்கும் அதே மாதிரி ஆகி, அவளிடமும் அதே வார்த்தையைச் சொன்னார்கள். அவள் விசுவாசம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் செருப்பை மாட்டினேன்.

தேனி டாக்டரம்மாவிடம் நானே போய் வந்தேன். என்னைப் பரிசோதித்துவிட்டு, எனக்கு இடுப்பெலும்பு குறுகல், வலி வந்த அன்றே கொண்டுவந்திருந்தால் பிள்ளையை எடுத்திருக்கலாம் என்றார்கள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்கள் தெரியுமா? தங்கைக்கும் அப்படித்தான் இருக்குமா என்று கேட்டேன். "இருக்கலாம், பார்த்தால்தானே சொல்ல முடியும்? பிள்ளைத்தாச்சியைக் கூட்டிக்கிட்டு வராம நீ மட்டும் வந்து ஒக்காந்திருக்கியே" என்று திட்டினார்கள். உனக்காக நான் திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மந்தையை விட்டு வா என்று நான் கூப்பிடவில்லை. அதை நன்றாகப் புரிந்துகொள். பிரசவத்துக்கு வா, பிள்ளையை வாங்கிக்கொள், உடம்பு தேறியதும் திரும்பிப் போ. நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். உன் வெள்ளைச் சேலையை நானே நீலம் போட்டுத் துவைத்துத் தருகிறேன். வளையல் போட்டுக்கொள் என்று சொல்ல மாட்டேன், பூ வைக்க மாட்டேன், அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். இருந்தாலும் மூடிக்கொண்டிருப்பேன்.

ஜக்கம்மா உன் கால் வீங்கியிருக்கிறது என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொள். தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா என்று அவளிடம் சொல்லியனுப்பு.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
அக்கா


போடி,
5.9.2004

அன்பு ஷீபா,

தலைவலி இருக்கிறது என்று சொல்லியனுப்பியிருக்கிறாய். அதோடு இன்னொரு செய்தியும் வந்து சேர்ந்தது. நான் வாசலில் வந்து நின்று எல்லார் முன்னாலும் பாவ அறிக்கை செய்தால், மந்தையில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். உன் பிரசவத்தில் நானே பக்கத்தில் இருக்கலாமாம். "அண்ணன் ஒத்துக்கிட்டாக, அக்காவ வரச் சொல்லு. எனக்குப் பயமா இருக்கு" என்றாயாம்.

முதலில் எனக்கு வந்தது ஆத்திரம்தான். செத்தவளைக்கூடப் பேரம் பேசி எழுப்புகிறார்களே! ஜக்கம்மாவைப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். அவள் என்ன செய்வாள், கீரை விற்பவள். அப்புறம் நீ சொன்ன கடைசி வார்த்தைதான் காதில் நின்றது. சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் நீ பயமாக இருக்கிறது என்று சொன்னவள் இல்லை. பாம்பைப் பார்த்தாலும் சொல்ல மாட்டாய்.

எனக்கு அங்கே வரப் பிடிக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன். அந்த இரும்புக் கேட்டை இனிக் கண்ணால் பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். இங்கே காய் சீசன் தொடங்கிவிட்டது, ஸ்டோர் முழுக்கப் பேச்சும் சிரிப்புமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று நானே யோசிக்கிறேன். இது ஒரு பெரிய விஷயமா என்று உனக்குத் தோன்றும். எனக்குப் பெரிய விஷயம்தான். திரும்ப உள்ளே வந்து அந்தப் பாட்டுக்கு நடுவில் நின்றால், மறுபடி வெளியே வர எனக்குத் தெம்பு இருக்குமா என்று தெரியவில்லை. உன் அத்தானும் அங்கே நிற்பார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் என்ன ஆவேனோ.

இருந்தாலும் வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருவேன் என்று சொல்லிவிடு. வாசலில் நிற்கச் சொன்ன வரைக்கும் நிற்கிறேன். என் பிள்ளை என் அவிசுவாசத்தால்தான் போனான் என்று சொல்லச் சொல்வார்கள். அதைத்தான் சொல்லச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன். வாய்தானே சொல்லப் போகிறது. அவன் என் பிள்ளை, அவனுக்குத் தெரியும்.

பாண்டியம்மாள் அக்காவிடம் விவரம் சொன்னேன். என்னை இரண்டு ஏச்சு ஏசிவிட்டு, "போயிட்டு வா. ஓம் மொறத்த எவளுக்கும் குடுக்க மாட்டேன்" என்றது. அதோடு நிற்கவில்லை. அந்தக்கா தம்பி மலைச்சாமி ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறான். உனக்கு நாள் நெருங்கும்போது அவன் ஜக்கம்மா வீட்டில் வந்து தங்கியிருப்பான். ஜக்கம்மாவிடம் ஒரு வார்த்தை போனால் வண்டி கேட்டுக்கு வந்துவிடும். அங்கிருந்து தேனிக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. டாக்டரம்மாவிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது கவனமாகக் கேள். உன்னைத் தூக்கி ஜீப்பில் போட என்னால் முடியும். நாலு பெண்கள் குறுக்கே வந்தாலும் தள்ளிவிட்டுப் போவேன். ஆனால் செய்ய மாட்டேன். உனக்கு எது நல்லது என்று உன்னைக் கேட்காமல் நானே முடிவு செய்தால், எனக்கும் அண்ணனுக்கும் என்ன வித்தியாசம்? உன் உடம்பு, உன் பிள்ளை. அதனால் நீதான் சொல்ல வேண்டும். சுந்தர்ராஜ் தடுத்தாலும், அண்ணன் தலையில் கை வைத்து ஜெபித்தாலும், எல்லாரும் அழுதாலும், "போகலாம் அக்கா" என்று நீ சத்தமாகச் சொல்ல வேண்டும். நீ சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சொல்லாவிட்டால் நானும் உன் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு அந்தத் தண்டனையைக் கொடுத்துவிடாதே.

உன் விசுவாசம் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய். எனக்குத் தெரியும், நானும் பயந்தவள்தான். நான் வெளியே வந்தபிறகும் கர்த்தர் என்னை விட்டுப் போகவில்லை ஷீபா. கடைசி பெஞ்சுக்கும் வருகிறார்.

வலி எடுத்ததும் முதலில் என்னைக் கூப்பிடு. கர்த்தரை அடுத்தாற்போல் கூப்பிடலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உயிரோடு இருக்கும் உன் அக்கா,
சொர்ணலதா