பாதி ஏற்றத்தில் திரும்பினேன்

செவ்வாய், இரவு.

காலையில் விமானத்தை மலைக்கு மேல் ஏற்றும்போது, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் அழுத்தம் காட்டும் முள் மெல்லக் கீழே வந்தது. பக்கத்தில் விமானத்தின் உரிமையாளர் மேனன் சார்.

"கோயம்புத்தூர்ல மீட்டிங் உண்டே. மெதுவா போலாமே?"

"முடியாது சார். திருவனந்தபுரத்துக்கே திரும்பறேன்."

எஞ்சின் சட்டென்று குளிர்ந்துவிடாமல் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து இறக்கினேன்.

மெக்கானிக் எஞ்சின் மூடியைத் திறந்தார். டர்போவுக்குப் போகும் புகைக்குழாயில் விரிசல். அதன் சூட்டில் பெட்ரோல் குழாய் கருகியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் பறந்திருந்தா தீ பிடிச்சிருக்கும் மேடம்."

மேனன் சார் தம்பானூர் ஸ்டேஷனுக்கு ரயிலேறப் போனார். அந்தக் கருகிய குழாய் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் இன்னொரு முறை கேட்டிருந்தாலும் திரும்பியிருப்பேன்.

சற்றுமுன் அவரே போன் செய்தார்.

"இனி வானத்துல வெச்சு நான் சொல்றதைக் கேக்க வேண்டாம், கேட்டோ."

கேட்கமாட்டேன் என்றேன்.