விதைக்கு ஆகாதது

ஷாவ்த்தாங், செஜியாங்
6 மார்ச் 1986

அன்புள்ள வென்ச்சியூவுக்கு,

நகரத்துக் குளிர் உன் இருமலைக் கிளப்பாமல் இருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம். நம் அலமாரிக்கு இரண்டாம் பூச்சு அரக்கு முடிந்துவிட்டது. மே முதல் தேதி, நம் கல்யாணத்துக்குள் காய்ந்துவிடும்.

நேற்றுக் கரும்புக் குழியைத் திறந்தோம். உறைபனி தொடங்குமுன் வேரோடும் தோகையோடும் தோண்டி எடுத்து, படுக்கவைத்து, காய்ந்த கரும்புச் சோகை போர்த்தி மண் மூடியது. நடுவில் வெயில் அடித்த நாட்களில் மூச்சுத் துளையைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். அலமாரிக்காகத் தச்சன் வீடே கதி என்று கிடந்ததில் மறந்துபோனேன். மண்ணை விலக்கியதும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, செத்த எருமை வயித்தைக் கிழிச்ச மாதிரி!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பாதிக்கு மேல் கரும்புகளின் நடு சிவந்துவிட்டது. விதைக் கரும்பு வாங்க வந்த வியாபாரி ஒவ்வொன்றையும் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தார். "சிவந்ததைக் காட்டி என்னை வேணா ஏமாத்தலாம் தம்பி, மண்ணை ஏமாத்த முடியாது" என்று வெள்ளையாக இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கவலைப்படாதே, மீதியும் வீணாகாது.

உன்,
கென்ஃபா

நகரம்
12 மார்ச் 1986

அன்புள்ள கென்ஃபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அலமாரிக்கு இரண்டு வரி, என் இருமலுக்கு ஒரு வரி. போகட்டும், இருமல் இப்போது இல்லை.

நேற்று வேலை முடிந்து வரும்போது ரயிலடி வாசலில் கரும்பு விற்கும் அம்மாள் கூப்பிட்டாள். தோல் சீவிய துண்டுகள் வெள்ளைத் தண்ணீர்த் தொட்டியில் மிதந்தன. "தின்னு பாரு கண்ணு, கல்யாணக் களை தானா வந்துரும்!" என்றாள். கடித்தேன். வாய்க்குள் காடிப் புளிப்பு பரவியது. துப்பிவிட்டுப் பார்த்தேன். நடுவில் பழைய ரத்தம் மாதிரி ஒரு சிவப்பு, அதில் மயிரிழை போலப் பூஞ்சை. எத்தனை முறை கொப்பளித்தும் நாக்கிலிருந்து அந்த வழவழப்பு போகவில்லை.

"எந்த ஊர்க் கரும்பும்மா இது?" என்று கேட்டேன்.

"ஷாவ்த்தாங் கரும்பு. கென்ஃபான்னு ஒரு பையன், தங்கமான பையன், அவனே வண்டியில கொண்டாந்து இறக்குனான்."

மண் வாங்காததை மனிதர்கள் வாய்க்கு அனுப்புகிறீர்களா? இல்லை என்று எழுதுங்கள். நம்பிவிடுகிறேன்.

உங்கள்,
வென்ச்சியூ

ஷாவ்த்தாங்
17 மார்ச் 1986

அன்புள்ள வென்ச்சியூவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "புத்தகத்தைத் தின்னு வளந்த பொண்ணு, அதுக்குக் கரும்பு எப்படி ருசிக்கும்?" என்றாள். கோபித்துக்கொள்ளாதே, அவள் பேச்சே அப்படித்தான்.

ஊர் முழுக்க இப்படித்தான் விற்கிறோம். அழுகின முனையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஏற்றுகிறோம். மற்றபடி, உள்ளே என்ன நிறம் என்று வெட்டாமல் யாருக்குத் தெரியும்? எனக்கென்ன எக்ஸ்ரே கண்ணா? விதைக்காரர் வெட்டிப் பார்ப்பார். தின்கிறவன் கேட்பதில்லை. இந்தப் பேச்சு நமக்குள் வேண்டாம். திரைச்சீலைக்கு என்ன நிறம் வேண்டும் என்று எழுது.

உன்,
கென்ஃபா

நகரம்
25 மார்ச் 1986

கென்ஃபாவுக்கு,

நேற்று மதியம் மருத்துவமனையில், நான் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே உள்ள பெஞ்சில் ஒரு பெண்குழந்தையைக் கிடத்தினார்கள். பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து கழற்றக்கூட இல்லை. வாந்தியில் கரும்புச் சக்கை. ரயிலடி வாசலில் அடித்த அதே காடி வாடை. கண்கள் மேலே செருகியிருந்தன. விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கி இறுகியிருந்தன. விரிக்க முடியவில்லை.

அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "புளிக்குதும்மான்னு சொல்லுச்சு டாக்டர். நான்தான், 'காசு குடுத்து ரயிலடியில வாங்கினது, மிச்சம் வெக்காமத் தின்னு'ன்னு அதட்டினேன்."

பிழைத்துக்கொண்டாள். ஆனால் பேசவில்லை, கையில் கரண்டி நிற்கவில்லை. இனி எப்படி இருக்கும் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. ஏப்ரலில் முன்னோர் கல்லறை துடைக்கும் நாளில் தின்னும் கரும்பு பாம்பைவிடக் கொடியது என்று உங்கள் ஊரிலும் சொல்வார்களே. சொல்லிக்கொண்டேதான் வண்டியில் ஏற்றுகிறீர்களா?

கை கழுவினாலும் அந்த வாடை. உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். குழியில் மிச்சம் இருப்பதைச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். பிறகு வந்து அந்தக் குழந்தையைப் பாருங்கள். நானும் கூட வருகிறேன். இதைச் செய்தால் திரைச்சீலை எந்த நிறமானாலும் எனக்குச் சம்மதம்.

வென்ச்சியூ

ஷாவ்த்தாங்
1 ஏப்ரல் 1986

அன்புள்ள வென்ச்சியூவுக்கு,

குழந்தைக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் அது எங்கள் கரும்புதான் என்று யார் சொன்னது? எத்தனை வீட்டு வண்டி அங்கே வருகிறது! நான் வந்து நின்றால் குற்றவாளி நானே என்று ஆகிவிடும். குழியில் இருந்தது போன வாரமே விற்றுத் தீர்ந்துவிட்டது. வேண்டாததை மனதில் போட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பேருந்து ஓட்டுநரிடம் நம் கல்யாணக் கரும்பு இரண்டையும் கொடுத்தனுப்புகிறேன். வேரும் தோகையுமாக, சிவப்புக் காகிதம் சுற்றி, வழக்கப்படி கத்தி படாமல். குழி திறந்த அன்றே நானே உள்ளே இறங்கி எடுத்து ஒதுக்கி வைத்தவை. உன் வீட்டு வாசலில் சாத்தி வை. கணுவுக்குக் கணு நம் வாழ்க்கை இனிக்கட்டும்.

உன்,
கென்ஃபா

நகரம்
6 ஏப்ரல் 1986

கென்ஃபாவுக்கு,

கரும்பு வந்து சேர்ந்தது. அம்மா வாசலில் சாத்தினாள். தெருவில் போகிறவர்கள் நின்று வாழ்த்தினார்கள்.

நேற்று முன்னோர் கல்லறைக்குப் போய்விட்டு வந்ததும் இரண்டையும் உள்ளே எடுத்துவந்து, வெட்டுப்பலகையில் வைத்துக் கணுக்கணுவாக வெட்டினேன். பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஐயோ, கல்யாணக் கரும்புல கத்தி வெக்கிறியே, உனக்குப் பைத்தியமா? அவன் உனக்கு என்னடி குறை வெச்சான்?"

"ஒரு குறையும் வெக்கலை அத்தை, நீங்களே பாருங்க" என்றேன்.

வேரிலிருந்து தோகை வரைக்கும் ஒரு கணுவில்கூடச் சிவப்பு இல்லை. பால் போல வெள்ளை. பாதிக்கு மேல் அழுகிய குழியிலிருந்து, கத்தி படாமல், இருட்டில் இறங்கி, எக்ஸ்ரே கண்ணும் இல்லாமல், இந்த இரண்டை எடுத்திருக்கிறீர்கள்.

சிவப்பு ஒரு துளி இருந்திருந்தால்கூட, உங்களுக்குத் தெரியாது என்று நம்பியிருப்பேன். அந்த நம்பிக்கையோடுதான் கத்தியை எடுத்தேன்.

துண்டுகளை அதே சிவப்புக் காகிதத்தில் சுற்றி, நீங்கள் வாங்கித்தந்த கைக்கடிகாரத்தையும் உள்ளே வைத்து, அதே ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டேன். அலமாரியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ரயிலடியில் துப்பியதைவிட இது இன்னும் குமட்டுகிறது. இத்தனைக்கும் இதை நான் வாயிலேயே வைக்கவில்லை.

பாவ் வென்ச்சியூ