"நம்மாளா?" என்று கேட்காத இயந்திரம்

என் யூசுப்புக்கு,

மண்ணுக்குள் இருப்பவனிடம் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் நலமில்லை. பயந்துபோயிருக்கிறேன், மச்சான். வீட்டில் கலாவிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

நம் ஆழ்வார்பேட்டை ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. எதிரியின் ஏவுகணையை வானத்திலேயே மறித்து அடிக்கும் அமைப்புக்கு நாம் இருவரும் எழுதிய மென்பொருளைத்தான் இப்போது புதுப்பிக்கிறார்கள். திரையில் ஒரு புள்ளி எதிரி என்று சிவப்பானால், நாற்காலியில் இருப்பவன் "நம்மாளா?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிட்டு "இல்லை" என்ற பிறகுதான் பொத்தானில் கை வைக்கலாம். நீ கொண்டுவந்த வழக்கம். போகப்போக அது உனக்கு வியாதியாகவே ஆகிவிட்டது. என் டிபன் பாக்ஸைத் திறந்து, "இன்னா மச்சான், உள்ள கீறது நம்மாளா?" என்று கேட்டுத்தான் வடையை எடுப்பாய்.

இப்போது வரும் ஏவுகணைகளின் வேகத்தில் அந்தக் கேள்விக்கு நேரமில்லையாம். இயந்திரமே பார்க்கும், இயந்திரமே அடிக்கும். உன் இடத்துக்கு வந்திருக்கும் திவ்யா கெட்டிக்காரி. "கேட்டுட்டு இருந்தா அதுக்குள்ள ஊரே போயிடும் சார்" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதானே? அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

போன வாரம் ஒத்திகை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதிவான நிஜ வானத்தில் பொய் ஏவுகணைகளைக் கலந்து விட்டோம். இயந்திரம் அத்தனையையும் அடித்தது. கூடவே, மீனம்பாக்கத்தில் இறங்குவதற்காக நங்கநல்லூர் மேல் தாழ்ந்து வந்த ஒரு விமானத்தையும். அதைக் கவனிக்காமல் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறது, யூசுப். ஹைதராபாத்திலிருந்து வரும் என் மகள் யாழினிக்காக நான் விமான நிலைய வாசலில் நின்றிருந்தேன். அது அவள் வந்த விமானம்.

நான் அதைக் காட்டியதும், "ஒத்திகைதானே சார், சரி பண்ணிடலாம்" என்று திவ்யா தண்ணீர் கொடுத்தாள்.

அன்று முதல் எங்கள் வீட்டு மொட்டைமாடி மேல் விமானம் போனாலே எனக்குச் சோறு இறங்குவதில்லை. நீ இருந்திருந்தால் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் கேட்டிருப்பாய்தானே? இல்லை, நீ கேட்டு முடிப்பதற்குள் நிஜமான ஒன்று நம் தலையில் விழுந்திருக்குமா?

அந்தக் கேள்வியை நிரந்தரமாக எடுத்துவிட, திங்கட்கிழமை என் ஒப்புதல் வேண்டுமாம். தரமாட்டேன். வேலையை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும். யாழினி அடுத்த வெள்ளிக்கிழமையும் வருகிறாள். நான் அந்த நாற்காலியில் இருக்கும்வரை, சிவப்பாகும் ஒவ்வொரு புள்ளிக்கும் நீ கேட்டது போலவே சத்தமாகக் கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. பதில் சொல்லப் பக்கத்தில் நீ இல்லையே என்பதுதான், மச்சான், எனக்குப் பயம்.

உனக்குத் தங்கையே இல்லாமல் உன் மச்சானாகிவிட்ட,
சேகர்